பரண் மேல் இருந்த ஹார்ட் டிஸ்க்

மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்ததும் அம்மா கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்காருவாள். 2004-ல் அண்ணன் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது, விண்டோஸ் எக்ஸ்பி. மானிட்டருக்கு அவளே ஒரு பூப்போட்ட துணியில் உறை தைத்திருந்தாள். அதைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொள்வாள். ஸ்டார்ட், ஆல் புரோகிராம்ஸ், கேம்ஸ், பின்பால். அண்ணன் சொல்லிக்கொடுத்த இந்த ஒரு வழி மட்டும்தான் அவளுக்குத் தெரியும். இடது கை விரல் இசட் பொத்தானில், வலது கை விரல் சாய்கோட்டுப் பொத்தானில். ஸ்பேஸ் பாரைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து விட்டால் உருண்டை வலப்பக்கச் சந்து வழியாக மேலே பாயும். அதற்கப்புறம் அரை மணி நேரம், யார் கூப்பிட்டாலும் 'ம்' மட்டும்தான் வரும்.

2006 கோடையில் சித்தி தூத்துக்குடியிலிருந்து வந்து ஒரு மாதம் எங்களோடு பாளையங்கோட்டையில் தங்கினாள். அக்காளும் தங்கையும் மாற்றி மாற்றி ஆடினார்கள். ஒருத்தி ஆடும்போது இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதிக ஸ்கோர் எடுத்தால் பெயர் கேட்கும். பெயரைத் தட்டுகிற வேலை என்னுடையது. பட்டியலில் இடம் மொத்தம் ஐந்துதான். அந்த ஐந்துக்காக இரண்டு பேரும் எவ்வளவு தீவிரமாக ஆடினார்கள் என்பது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

2010-ல் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. விண்டோஸ் 7. பழையதிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை மட்டும் அண்ணன் கழற்றி, செய்தித்தாளில் சுற்றி, ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்துப் பரண் மேல் போட்டான். மறுநாள் மத்தியானம் அம்மா வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். சீட்டாட்டம் இருந்தது. சதுரங்கம்கூட இருந்தது.

"உருண்டை விளையாட்டு எங்கட்டி?"

"இதுல இல்லம்மா. எடுத்துட்டாங்க."

"ஏன்? நல்லாத்தான இருந்துச்சு?"

அன்று என்னிடம் பதில் இல்லை. பதிலைத் தேடப் போய்த்தான் பழைய விளையாட்டுகளை உயிரோடு வைத்திருப்பது எனக்கு ஒரு வேலையாகவே ஆனது.

அம்மா ஆடிய அந்த 'ஸ்பேஸ் கேடட்' மேசை 1995-ல் விண்டோஸ் 95-க்கான 'பிளஸ்' தொகுப்போடு வந்தது. சினிமாட்ரானிக்ஸ் என்ற சிறிய நிறுவனம் எழுதிக்கொடுத்தது. அப்புறம் ஒவ்வொரு விண்டோஸாகத் தொற்றிக்கொண்டு எக்ஸ்பி வரை வந்து, விஸ்டாவில் காணாமல் போனது. ஏன் என்று மைக்ரோசாஃப்டில் பல்லாண்டுகளாக வேலை பார்க்கும் ரேமண்ட் சென் 2012-ல் எழுதினார். பழைய 32 பிட் செயலிகளுக்கு எழுதிய நிரல்களையெல்லாம் புதிய 64 பிட் செயலிகளுக்கு மாற்றிக்கொண்டிருந்த சமயம். மாற்றிய பின்பாலில் மோதலைக் கண்டறியும் பகுதி வேலை செய்யவில்லை. உருண்டை ஏவுகம்பியின் மேல் நிற்காமல், அதை ஊடுருவிக்கொண்டு மெதுவாக இறங்கி மேசையை விட்டே கீழே போய்விட்டது. வெளியாள் எழுதிய நிரல், பல வருடப் பழசு, உள்ளே விளக்கக் குறிப்பும் இல்லை. எங்கே பிசகு என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. மாற்ற வேண்டிய மற்ற நிரல்கள் மலைபோலக் கிடந்தன. இதை விட்டுவிட்டார்கள்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "உருண்டை நிக்க மாட்டேங்குன்னா எடுத்துட்டான்?" என்று கேட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

இத்தனை வருடம் பழைய விளையாட்டுகளோடு மல்லுக்கட்டியதில் எனக்குப் பிடிபட்ட ஒன்று உண்டு. ஒவ்வொரு விளையாட்டும் தனக்குக் கீழே இருக்கும் இயந்திரத்தைப் பற்றி ஏதோ ஒன்றை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கிறது. செயலி இந்த வேகத்தில்தான் ஓடும், திரையில் 256 நிறம்தான் வரும், டிரைவில் சிடி இருக்கும், இப்படி. கீழே இருப்பது மாறியதும் அந்த நம்பிக்கை உடைகிறது. எது உடைந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அண்ணனுக்கும் எனக்கும் உயிர் 'ஏஜ் ஆஃப் எம்பையர்ஸ்' இரண்டாம் பாகம். 1999-ல் வந்தது. அதை விண்டோஸ் 7-ல் போட்டபோது புல்லெல்லாம் ஊதா, தண்ணீர் சிவப்பு. கிராமத்து ஆட்கள் மரம் வெட்டுகிறார்கள், ஆடுகள் மேய்கின்றன, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, நிறம் மட்டும் தாறுமாறு. கிராஃபிக்ஸ் கார்டுதான் போய்விட்டது என்று அண்ணன் கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினான். மாறவில்லை.

அந்த விளையாட்டு திரையின் ஒரு புள்ளிக்கு ஒரு பைட் மட்டுமே செலவழிக்கிறது. அந்தப் பைட்டில் 0 முதல் 255 வரை ஓர் எண் இருக்கும். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று தனியாக ஓர் அட்டவணை. கலர் கோலம் போட டப்பாக்களில் 1 பச்சை, 2 நீலம் என்று எண் ஒட்டி வைத்திருக்கும்போது யாரோ டப்பாக்களை இடம் மாற்றி வைத்தால் என்ன ஆகும்? கோலம் பிசகாமல் வரும், வாழை இலை சிவப்பாக இருக்கும். இங்கே டப்பாவை மாற்றியது டெஸ்க்டாப்பைக் காட்டுகிற எக்ஸ்ப்ளோரர். அட்டவணை முழுக்கத் தன்னுடையது என்று விளையாட்டு நம்பியிருந்தது. புது விண்டோஸில் எக்ஸ்ப்ளோரரும் அதில் கை வைத்தது.

வைத்தியம் எளிது. கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஒரு சின்ன ஃபைல், மூன்றே வரி: எக்ஸ்ப்ளோரரை நிறுத்து, விளையாட்டைத் திற, ஆடி முடித்ததும் எக்ஸ்ப்ளோரரை மறுபடி எழுப்பு. முதல் தடவை அதைச் சொடுக்கியபோது திரையிலிருந்த ஐகான்கள், கீழே இருந்த பட்டை எல்லாம் ஒரே நொடியில் மறைந்து வால்பேப்பர் மட்டும் நின்றது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, எல்லாம் அழிந்துவிட்டது என்று பதறிவிட்டாள். அடுத்த நொடி விளையாட்டு திறந்தது. புல் பச்சையாக இருந்தது. அண்ணன் என் முதுகில் ஒரு அடி வைத்தான். சந்தோஷம் வந்தால் அவன் அப்படித்தான்.

இந்த விளையாட்டைக் காப்பாற்றியதே ரசிகர்கள்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். அசல் நிறுவனமான என்செம்பிள் ஸ்டுடியோஸை 2009-ல் மூடிவிட்டார்கள். 'ஃபர்காட்டன் எம்பையர்ஸ்' என்ற ரசிகர் குழு சொந்தமாக ஒரு விரிவாக்கம் செய்து இலவசமாகக் கொடுத்தது. 2013-ல் அதுவே அதிகாரபூர்வமான விரிவாக்கமாக வந்தது. 2019-ல் வெளியான டெஃபினிட்டிவ் எடிஷனை உருவாக்கியவர்களில் அந்தக் குழுவும் உண்டு. ஆதரவு போன வீட்டுக்குக் குடியிருந்தவர்களே சுண்ணாம்பு அடித்த கதை.

அந்தக் காலத்தில் இயங்குதளம் எழுதியவர்களும் இந்த அக்கறையைக் காட்டியிருக்கிறார்கள். நகரம் கட்டும் விளையாட்டான 'சிம்சிட்டி'யின் விண்டோஸ் 3 பதிப்பில் ஒரு பிழை இருந்தது. விடுவித்துவிட்ட நினைவகத்தை உடனே மறுபடி படிக்கும். விண்டோஸ் 3-ல் அந்த நினைவகம் எங்கும் போய்விடாது என்பதால் பிழை இருப்பதே வெளியே தெரியவில்லை. விண்டோஸ் 95 வரும்போது சிக்கல் வந்தது. மைக்ரோசாஃப்ட்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓடுவது சிம்சிட்டியா என்று பார்த்து, ஆமென்றால் விடுவித்த நினைவகத்தைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைக்கும்படி விண்டோஸையே எழுதினார்கள். தப்பு விளையாட்டின் மேல், திருத்தம் இயங்குதளத்தில். கடையில் அந்த விளையாட்டை வாங்கிய ஒருத்தருக்கும் இது தெரிந்திருக்காது. இந்த மாதிரிக் கரிசனத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸின் விளையாட்டுகள் தனி உலகம். பல விளையாட்டுகள் செயலியின் வேகத்தையே கடிகாரமாக வைத்து ஓடின. வேகமான மெஷினில் போட்டால் பொத்தானைத் தொடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அதற்காகவே அன்றைய கம்ப்யூட்டர் பெட்டிகளில் டர்போ என்று ஒரு பொத்தான் இருந்தது. வேகத்தைக் குறைக்கத்தான் அது உதவியது. இன்று அந்த வேலையை 2002-ல் முதலில் வெளிவந்த டாஸ்பாக்ஸ் என்ற நிரல் செய்கிறது. கன்ட்ரோலோடு எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். வானொலியில் ஸ்டேஷன் பிடிப்பது மாதிரி மெல்ல மெல்லக் கூட்டிக் குறைத்து, கை ஞாபகம் வைத்திருக்கிற வேகம் வந்ததும் நிறுத்த வேண்டும். அந்த இடம் வந்ததும் விரலுக்குத் தெரிந்துவிடும்.

1990-களின் விண்டோஸ் விளையாட்டுகளில் வேறொரு முட்டுக்கட்டை. விளையாட்டு 32 பிட், அதை நிறுவும் இன்ஸ்டாலர் மட்டும் அதைவிடப் பழைய 16 பிட். 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல் எதையும் ஓட்டாது. ஆக, உள்ளே வந்துவிட்டால் ஓடக்கூடிய விளையாட்டு வாசற்படியிலேயே நின்றுவிடும். விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது என்பதால் அந்த வாசல் இனி அடைத்தது அடைத்ததுதான். ஆனால் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தின் 64 பிட் பதிப்பில், விண்டோஸ் நிரல்களை அங்கே ஓட்டும் வைன் மூலமாக அதே 16 பிட் இன்ஸ்டாலர் ஓடும். விண்டோஸுக்காக எழுதியது விண்டோஸில் ஓடாமல் லினக்ஸில் ஓடுவதை முதலில் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

என்னைக் கோபப்படுத்துவது சிடி பூட்டு. சேஃப்டிஸ்க் போன்ற திருட்டுத் தடுப்பு நிரல்கள் இயங்குதளத்தின் அடிமட்டம் வரை போய் ஒரு டிரைவரைப் போட்டு, டிரைவில் இருப்பது அசல் சிடிதானா என்று பார்த்தன. அந்த டிரைவர் பாதுகாப்புக்கு ஆபத்து என்று 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதே வருடம் செப்டம்பரில் வந்த ஒரு அப்டேட் விஸ்டா, 7, 8-லும் அதை முடக்கியது. பாதுகாப்பை நினைத்தால் சரியான முடிவு. ஆனால் விளைவு என்ன? காசு கொடுத்து அசல் சிடி வாங்கி, கீறல் படாமல் உறையோடு பத்திரப்படுத்தியவரால் ஆட முடியாது. பூட்டை உடைத்த நகலை வைத்திருப்பவர் இன்றைக்கும் ஆடுகிறார். இது அநியாயம். விற்பனை நின்றுபோன விளையாட்டுக்குப் பூட்டை எடுத்துவிட்டுக் கடைசியாக ஒரு அப்டேட் கொடுப்பதை விற்றவர்கள் கடமையாகவே கொள்ள வேண்டும். 2008-ல் போலந்தில் தொடங்கிய ஜிஓஜி பழைய விளையாட்டுகளைப் பூட்டில்லாமல், இன்றைய விண்டோஸில் ஓடும்படி பதம்பண்ணி விற்கிறது. ஆனால் எல்லா விளையாட்டும் அங்கே கிடைக்காது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியானவற்றில் 87 சதவீதம் இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கணக்குச் சொன்னது.

இதெல்லாம் போன அக்டோபரில் மறுபடி மனசில் வந்து நின்றது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர் 2016-ல் வாங்கியது. இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலி. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும்.

தெரிந்தவர்கள் பலர் அந்தத் தேதியோடு பழைய விளையாட்டுகள் நின்றுவிடும் என்று பயந்தார்கள். அப்படி எதுவும் நின்றுவிடாது. 15-ஆம் தேதி காலையிலும் எல்லாம் ஓடியது. நிற்பது பாதுகாப்புத் திருத்தங்கள். மற்றவை ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். புது கிராஃபிக்ஸ் கார்டுக்கு டிரைவர் வராது. பிரவுசர் அப்டேட் நிற்கும். இணையத்தில் விளையாட்டு விற்கும் கடையான ஸ்டீம் 2019 ஜனவரி 1 அன்று எக்ஸ்பியைக் கைவிட்டது, 2024 ஜனவரி 1 அன்று விண்டோஸ் 7-ஐ. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு அந்தக் கடையின் நிரலை நம்பியே திறக்கும் என்றால், கடை கைவிடும் நாள்தான் உண்மையில் கெடு. அதனால் ஆதரவு முடிந்த மெஷினை விளையாட்டுக்காக வைத்திருப்பவர்களிடம் நான் சொல்வது, நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாக ஆடுங்கள் என்பதே. வங்கிக் கணக்கு, மெயில் எல்லாம் வேறு மெஷினில்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் மின்ட் போடலாம் என்று முடிவு செய்தேன். போடுவதற்கு முன் பழைய ஃபைல்களைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்தது. ஏணி போட்டு ஏறினேன். வெண்கலப் பானைக்கும் கொலுப்படிப் பலகைக்கும் நடுவில் அப்படியே இருந்தது. சுற்றியிருந்த செய்தித்தாள் தொட்டதும் உதிர்ந்தது.

இந்த மாதிரி ஒரு பெட்டிக்குப் புகழ்பெற்ற கதை ஒன்று உண்டு. 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை எழுதிய ஜோர்டன் மெக்னர் அதன் மூல நிரலைத் தொலைத்துவிட்டதாகவே நினைத்திருந்தார். 2012-ல் அவருடைய அப்பா வீட்டு அலமாரியின் மூலையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து அனுப்பினார். உள்ளே ஆப்பிள் 2 கால ஃபிளாப்பிகள். அந்த விளையாட்டுக்கு இசை அமைத்தவரும் அந்த அப்பாதான். இளவரசன் ஓடுவதும் தாவுவதும் மெக்னரின் தம்பி ஓடித் தாவியதைப் படம்பிடித்து வரைந்தவை. இன்டர்நெட் ஆர்க்கைவின் ஜேசன் ஸ்காட்டும் இன்னொரு ஆப்பிள் நிபுணரும் உட்கார்ந்து அந்த ஃபிளாப்பிகளைப் படித்து எடுத்தார்கள். 1989-ல் வந்த விளையாட்டின் நிரல் இன்று யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறது. ஏணியிலிருந்து இறங்கும்போது அந்த அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

டிஸ்க் ஐடிஈ வகை, 40 ஊசி. அதற்கென்று யுஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்கினேன். கரண்டுக்குத் தனி ஒயர் வேண்டும் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். சுவிட்சைப் போட்டதும் ஒரு முனகல், ஒரு டிக், அப்புறம் சீரான சுழற்சி. பதினைந்து வருடம் தூங்கிய டிஸ்க். எதையும் திறந்து பார்க்காமல் முதலில் முழு டிஸ்க்கையும் படி எடுத்தேன். இதில் மட்டும் ஆசைப்பட்டு அவசரப்படக் கூடாது. பழைய டிஸ்க் இன்னொரு தடவை சுழலும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

புரோகிராம் ஃபைல்ஸுக்குள் விண்டோஸ் என்டி, அதற்குள் பின்பால். சின்ன ஃபோல்டர். எக்ஸ்பியின் பின்பால் 32 பிட் என்பதால் 64 பிட் விண்டோஸில் அப்படியே ஓடும். சென் சொன்ன சிக்கல் 64 பிட்டுக்கு மாற்றிய பதிப்பில்தான். சொடுக்கினேன். மேசை வந்தது, சத்தம் வந்தது. ஸ்கோர் பட்டியலைத் திறந்தேன். ஐந்து இடமும் காலி.

ஒரு நிமிஷம் மனசு உட்கார்ந்துவிட்டது. அப்புறம்தான் புரிந்தது. பின்பால் தன் ஸ்கோரை ஃபோல்டரில் வைப்பதில்லை, விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் வைக்கிறது. ரெஜிஸ்ட்ரி என்றைக்கும் கூடவே இருக்கும் என்பது அதன் நம்பிக்கை. பழைய டிஸ்க்கில் அண்ணன் பெயரிலிருந்த யூசர் ஃபோல்டரைத் திறக்க முதலில் அனுமதி இல்லை என்றது. கன்டினியூ கொடுத்ததும் திறந்தது. அதற்குள் என்டியூசர் டாட் என்று மறைத்து வைத்த ஒரு ஃபைல். ஒரு மனிதருடைய ரெஜிஸ்ட்ரிப் பங்கு முழுவதும் அதில்தான் இருக்கும். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் 'லோடு ஹைவ்' கொடுத்து அந்த ஃபைலை ஏற்றினேன். சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், பிளஸ், பின்பால், ஸ்பேஸ் கேடட். 1995-ன் அந்தப் பிளஸ் தொகுப்பின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அப்படியே ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டேன். அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 செய்த கடைசி வேலை அதுதான்.

லினக்ஸ் போட்டு, வைன் போட்டு, பின்பால் ஃபோல்டரை நகலெடுத்தேன். வைனுக்கும் சொந்தமாக ஒரு ரெஜிஸ்ட்ரி உண்டு. அதுவே, விண்டோஸில்தான் இருக்கிறேன் என்று விளையாட்டை நம்ப வைக்க 1993-லிருந்து உலகெங்கும் பலர் சேர்ந்து கட்டிய ஏற்பாடுதானே. ஏற்றுமதி செய்த ஃபைலில் இடத்தின் பெயரைத் திருத்தி உள்ளே சேர்த்தேன். பட்டியலைத் திறப்பதற்கு முன் அம்மாவைக் கூப்பிட்டேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தாள். 66 வயது. முதல் இடத்தில் சித்தி, 1,12,47,500. இரண்டாவதும் மூன்றாவதும் அம்மா. நான்காவது சித்தி. ஐந்தாவது அண்ணா. பெயரைத் தட்டியது நான் என்பதால் எல்லாம் நான் கூப்பிடுகிற முறையிலேயே இருந்தன.

அம்மா திரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"அவளா முதல்ல நிக்கா? நாந்தான்னுல்லா இத்தன வருஷம் நெனச்சிட்டிருந்தேன்."

உடனே போனை எடுத்தாள். சித்திக்கு முதலில் எதுவும் புரியவில்லை. "உருண்டை விளையாட்டுட்டி, முருங்கைக்கீரை உருவிக்கிட்டே பாப்போம்லா" என்று அம்மா சொன்னதும் அந்தப் பக்கம் சித்தி கத்தியது எனக்கே கேட்டது. பத்து நிமிஷம் பேசினார்கள். நடுவில் கீரை விலை, மருமகள், முழங்கால் வலி எல்லாம் வந்தது. கடைசியில் அம்மா சொன்னாள்: "நீ போன வை. நான் ஒரு ஆட்டம் பாக்கேன்."

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். இடது விரல் இசட்டைத் தேடவேயில்லை, நேராகப் போய் உட்கார்ந்தது. வலது விரலும் அப்படியே. வலப்பக்கச் சின்னப் பெட்டியில் 'அவேயிட்டிங் டிப்ளாய்மென்ட்' என்று எழுத்து வந்தது. அம்மா ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தாள்.